ஊரடங்குக்குப் பிறகு குடும்ப விளையாட்டு மையத்தைப் பாதுகாப்பாகத் திறப்பது: முழுமையான வழிகாட்டி

கொரோனா போன்ற தொற்றுக்கான ஊரடங்கில் பல மாதம் பூட்டிக் கிடந்த விளையாட்டு மையத்தைத் திறக்கப் போகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் சானிடைசர்தான். அப்புறம் வாசலுக்கு ஒரு வெப்பமானி, தரைக்கு வட்ட ஸ்டிக்கர்கள், சுவருக்கு முகக்கவசம் போட்ட படம். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. வருகிறவர்களுக்கும் ஒரு தெம்பைக் கொடுக்கும். ஆனால் ஆபத்துகளின் வரிசை வேறு. ஓடாமல் நின்ற இயந்திரமும் குழாயில் தேங்கிய தண்ணீரும்தான் முதல் ஆபத்து. அடுத்தது உள்ளே எல்லோரும் சேர்ந்து சுவாசிக்கும் காற்று. அதற்கடுத்தது ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பது. கைப்பிடியைத் துடைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

உள்ளரங்க விளையாட்டுக் கூடம், ஆர்கேட், பவுலிங், டிராம்போலின் பூங்கா, லேசர் டேக் (ஒளித் துப்பாக்கி விளையாட்டு), விஆர் (மெய்நிகர்) அரங்கம், சின்ன ரைடுகள் உள்ள பூங்கா என எது நடத்தினாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும். உங்கள் ஊர் நிர்வாகமும் சுகாதாரத் துறையும் போடும் விதிகள்தான் அடித்தளம். இங்கே சொல்வதை அதற்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேதியை அறிவிக்கும் முன்

திறப்புத் தேதியை விளம்பரப்படுத்திவிட்டு, வேலைகளை அதற்குள் முடித்துவிடலாம் என்று இறங்குவது வழக்கமாக நடப்பது. நாள் நெருங்க நெருங்க, கண்ணுக்குத் தெரியாத வேலைகள்தான் முதலில் கைவிடப்படும். வண்ணம் பூசுவது நடந்துவிடும். ரைடு பரிசோதனை அரைகுறையாக நிற்கும். அதனால் பரிசோதனைகள் முடிந்த பிறகே தேதி சொல்லுங்கள்.

முதல் நாள் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். தொழில் உரிமம், தீயணைப்புச் சான்று, லிஃப்ட் சான்று, ரைடு ஆய்வுச் சான்று, ஊழியர்களின் முதலுதவிப் பயிற்சிச் சான்று: மூடியிருந்த காலத்தில் இவற்றில் சில காலாவதியாகியிருக்கும். காப்பீட்டு ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். கட்டடம் தொடர்ந்து ஆளில்லாமல் இருந்தால் பொருந்தும் நிபந்தனைகள் பல ஒப்பந்தங்களில் உண்டு. மூடியதையும் திரும்பத் திறப்பதையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இயந்திரங்களைத் தயாரித்த நிறுவனங்கள் இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்பு அறிவிப்பு ஏதாவது அனுப்பியிருக்கின்றனவா என்று பழைய மின்னஞ்சல்களிலும் தேடுங்கள்.

கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். பாதிப் பேரை மட்டும் அனுமதித்து வாரத்தில் ஏழு நாளும் திறப்பதைவிட, நான்கு நாள் மட்டும் திறந்தால் நட்டம் குறையலாம். மீதி நாட்கள் பராமரிப்புக்கும் கிடைக்கும். மூடுவதற்கு முன் விற்ற பாஸ்கள், முன்பதிவுகள் என்ன ஆகும் என்று வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே முடிவெடுத்து அறிவித்துவிடுவது நல்லது.

படி 1: தேங்கிய தண்ணீர்

குழாயில் தண்ணீர் வாரக்கணக்கில் அசையாமல் நின்றால் அதிலுள்ள குளோரின் கரைந்து போய்விடும். ஏறத்தாழ 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பில் லீஜியனெல்லா என்ற பாக்டீரியா நன்றாகப் பெருகும். 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் மாநாட்டுக்கு வந்த முன்னாள் படைவீரர்களிடையே நிமோனியா பரவியது. அதை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கிருமி அடையாளம் காணப்பட்டது. இந்தத் தண்ணீரிலிருந்து கிளம்பும் நுண்திவலைகளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. அதனால் ஷவர், நீரூற்று, தண்ணீர் தெளிக்கும் விளையாட்டு, குளிரூட்டும் கோபுரம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை.

செய்ய வேண்டியது இது. கட்டடத்துக்குள் தண்ணீர் நுழையும் இடத்துக்கு அருகிலுள்ள குழாயில் தொடங்கி, கடைசிக் குழாய் வரை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். முதலில் குளிர்நீர், பிறகு வெந்நீர். ஹீட்டர் தொட்டியில் 60 டிகிரி எட்டிய பிறகு, அந்தச் சூடு குழாய் முனை வரை வரும்வரை ஓடட்டும். சுடுநீர் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷவர் தலைகளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அல்லது வாளிக்குள் வைத்து ஓடவிடுங்கள். திவலை பறக்கக்கூடாது. ஐஸ் இயந்திரத்தைச் சுத்தம் செய்து, முதலில் விழும் சில தொகுதி ஐஸைக் கொட்டிவிடுங்கள். குடிநீர் இயந்திரத்தின் ஃபில்டரை மாற்றுங்கள். குளிரூட்டும் கோபுரத்தை மட்டும் நீங்களாகத் தொடாமல், அதற்கென்று உள்ள தொழில்நுட்ப ஆட்களை அழையுங்கள்.

தரை வடிகால்களிலும் ஒவ்வொரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அவற்றின் வளைவில் நிற்கும் நீர் வற்றியிருந்தால் சாக்கடை வாயு உள்ளே வந்துகொண்டிருக்கும். 'பூட்டி வைத்த வாடை' என்று பலர் நினைப்பது பாதி நேரம் இதுதான்.

நீச்சல் குளமோ நீர் விளையாட்டோ இருந்தால், குறைந்தது 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கட்டற்ற குளோரின், 7.0 முதல் 7.8 வரை பிஎச் என்ற அளவு நிலையாக நிற்பதைச் சில நாட்கள் அளந்து பார்த்த பிறகே ஆட்களை இறக்குங்கள். குளோரினை நம்பி எல்லாவற்றையும் விட்டுவிடவும் முடியாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம், சரியான அளவு குளோரின் உள்ள நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தை தண்ணீரில் இறங்கக்கூடாது என்ற விதிக்குக் காரணம் அதுதான்.

படி 2: ஓடாமல் நின்ற இயந்திரங்கள்

இந்தப் பகுதியில் அவசரப்படவே வேண்டாம். ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரத்தைவிட, ஓடாமல் கிடந்த இயந்திரத்தைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். ஹைட்ராலிக் சீல்கள் காய்ந்து சுருங்கியிருக்கும். காற்றழுத்தத் தொட்டியில் ஈரம் சேர்ந்திருக்கும். பிரேக் தட்டில் துரு ஏறியிருக்கும். சக்கரம் ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தட்டையாகியிருக்கும். எலி இருக்கிற கட்டடமாக இருந்தால் கேபிளைக் கடித்திருக்கும்.

மெயின் சுவிட்சைப் போட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக உயிர்ப்பிக்காதீர்கள். முதலில் கட்டடத்தை ஒரு நாளாவது காற்றாட விட்டு ஈரத்தைக் குறையுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இணைப்பு, கசிவுமின் துண்டிப்பான், வயர்களின் காப்புத்தன்மை ஆகியவற்றைச் சோதியுங்கள். ஆர்கேட் பெட்டிகளின் பின்கதவைத் திறந்து தூசியை எடுத்து, மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றாக இயக்குங்கள். பல இயந்திரங்களில் நாணய வடிவிலுள்ள சின்ன பேட்டரி தீர்ந்து அமைப்புகள் அழிந்துபோயிருக்கும். பரிசு தரும் இயந்திரங்களில் அந்த அமைப்பு கலைந்தால் கணக்கும் கலையும். யூபிஎஸ், அவசர விளக்கு, பம்பர் கார் ஆகியவற்றின் பேட்டரிகள் சார்ஜ் இல்லாமல் கிடந்து பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். உப்பியிருக்கும் பேட்டரியைச் சார்ஜ் செய்து பார்க்கவே கூடாது.

ரைடுகளுக்குத் தயாரிப்பாளரின் கையேடுதான் வேதம். பருவம் முடிந்து நிறுத்தி மீண்டும் தொடங்குவதற்கான பகுதி பெரும்பாலான கையேடுகளில் இருக்கும். ஊரடங்கையும் ஒரு நீண்ட பருவ நிறுத்தமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ரைடுகளை இயக்குவது, பராமரிப்பது, ஆய்வு செய்வது பற்றி அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்770, ஐரோப்பாவின் ஈஎன் 13814 போன்ற தரநிலைகள் உள்ளன. உங்கள் ஆய்வாளர் எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்டு, அதன்படி பதிவேட்டை அமையுங்கள்.

சோதனை ஓட்டம் நான்கு கட்டமாகப் போகட்டும். முதலில் கண்ணாலும் கையாலும் பார்ப்பது: போல்ட், வெல்டிங், பூட்டும் கம்பி, பெல்ட், சென்சார். இரண்டாவது ஆளில்லாமல் வெறுமனே ஓட்டுவது. மூன்றாவது மணல் மூட்டையோ தண்ணீர்ப் பையோ ஏற்றி ஓட்டுவது. நான்காவதாகத்தான் பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஏறுவது. ஒவ்வொரு கட்டத்திலும் அவசர நிறுத்தப் பொத்தானை நிஜமாகவே அழுத்திப் பாருங்கள். மின்சாரம் பாதியில் போனால் மேலே நிற்பவர்களை எப்படி இறக்குவது என்பதையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

டிராம்போலினில் ஸ்பிரிங், விரிப்பின் தையல், ஓரத்து மெத்தை ஆகியவற்றைப் பாருங்கள். ஃபோம் குழியிலுள்ள கட்டைகளை முழுவதும் வெளியே எடுக்காமல் அந்தக் குழியைத் திறக்காதீர்கள். அடியில் என்னென்ன சேர்ந்திருக்கும், என்னென்ன குடியேறியிருக்கும் என்று சொல்ல முடியாது. பந்துக் குளத்துக்கும் இதேதான். குழந்தைகள் ஏறும் வலைகளைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் டேக்குகள் காய்ந்து நொறுங்கியிருக்கலாம், கையால் இழுத்துப் பாருங்கள். காற்றடைத்த விளையாட்டுகளை விரித்தால் பூஞ்சை தெரியும். அதன் நங்கூரக் கயிறும் முளையும் உறுதியாக இல்லாவிட்டால் காற்று அடிக்கும்போது ஆபத்து. பவுலிங்கில் பந்தால் வீழ்த்தும் பின்களை அடுக்கும் இயந்திரத்தின் பெல்ட்டையும், மரத் தளம் ஈரத்தில் உப்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தீயணைப்புப் பக்கம் ஒரு குறிப்பு மட்டும். மூடியிருந்த காலத்தில் மேசை நாற்காலிகளை எங்கே அடுக்கினீர்கள்? பல இடங்களில் அவசர வழிக்கு முன்னால்தான். கூட்டத்தை ஒருவழியாகத் திருப்புவதற்காகப் போடும் கயிறும் தடுப்பும் அந்த வழியை மறிக்கக்கூடாது. சானிடைசர் எளிதில் தீப்பற்றும் பொருள், அதைப் பெட்டி பெட்டியாக மின்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள்.

சமையலறையில் காலாவதியானவற்றை வெளியேற்றி, கேஸ் இணைப்பில் கசிவு பார்த்து, குளிர்பெட்டி சரியான குளிர்ச்சியில் ஒரு நாள் முழுக்க நிற்கிறதா என்று கவனித்தால் போதும்.

படி 3: காற்று

2020-இன் தொடக்கத்தில் உலகமே கைகளையும் பரப்புகளையும் துடைத்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூலையில், கொரோனாவின் காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் கடிதம் ஒன்றை 239 விஞ்ஞானிகள் ஆதரித்தார்கள். அதற்கு முன்பே ஒரு தெளிவான சம்பவம் நடந்திருந்தது. 2020 மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பகுதியைச் சேர்ந்த சேர்ந்திசைக் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். ஒருவருக்குத்தான் அறிகுறி இருந்தது. உறுதியானதும் வாய்ப்புள்ளதும் சேர்த்து வேறு 52 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். மூடிய அறை, நீண்ட நேரம், உரத்த குரல்: இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. விளையாட்டு மையத்தில் இந்த மூன்றோடு நான்காவதாக ஓட்டமும் சேருகிறது. ஓடுகிறவர்கள் இழுத்துவிடும் காற்று, உட்கார்ந்திருப்பவர்களைப் போலப் பல மடங்கு.

மூச்சோடு வெளிவரும் நுண்துளிகளைச் சிகரெட் புகைபோல நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அதிகம் போகும். ஜன்னல் இல்லாத அறையில் நேரமாக ஆகத் தூரத்தில் இருப்பவருக்கும் போகும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் மட்டும் தப்பிவிட முடியாது.

முதலில் அளந்து பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்குங்கள், அகச்சிவப்பு சென்சார் உள்ளதாக இருக்கட்டும். வெளிக்காற்றில் ஏறத்தாழ 420 பிபிஎம் காட்டும். உள்ளே ஆட்கள் நிறைந்திருக்கும்போது 800-க்குக் கீழே நின்றால் வெளிக்காற்று நன்றாக வருகிறது என்று பொருள். 1,500, 2,000 என்று ஏறினால், ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர்கள் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். மீட்டரை யாருடைய முகத்துக்கும் அருகில் வைக்காமல், அறையின் நடுவில் ஆள் உயரத்தில் வைத்துப் பாருங்கள். விருந்து அறை, லேசர் டேக் அறை, கழிப்பறை, ஊழியர் ஓய்வறை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஊழியர் ஓய்வறைதான் பெரும்பாலும் மோசமாக இருக்கும், அதை யாரும் அளப்பதே இல்லை.

அடுத்தது கணக்கு. ஒரு மணி நேரத்தில் அறையின் காற்று எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் அளவுகோல். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் குறைந்தது 5 முறை என்ற இலக்கை வைத்தது. 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் கன அளவு 240 கன மீட்டர். ஐந்து முறை என்றால் மணிக்கு 1,200 கன மீட்டர் சுத்தமான காற்று வேண்டும். மணிக்கு 400 கன மீட்டர் தரக்கூடிய ஹெபா (நுண்துகள்களைப் பிடிக்கும் ஃபில்டர்) காற்றுச் சுத்திகரிப்பான் மூன்று வைத்தால் கணக்கு நேராகிவிடும். வெளிக்காற்று, ஃபில்டர் வழியாக வரும் காற்று இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஃபில்டர் துகள்களைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. சுத்திகரிப்பான் வைத்த அறையில் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் பார்த்து நிலைமையை எடைபோட முடியாது.

ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை அது கொண்டுவருவதில்லை. மையக் குளிரூட்டல் இருந்தால் வெளிக்காற்று வாயிலை எவ்வளவு திறக்க முடியும், மெர்வ் 13 தர ஃபில்டரை (துகள்களைப் பிடிக்கும் திறனைச் சொல்லும் எண் அது) அந்த இயந்திரம் தாங்குமா என்று சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். தாங்காத இயந்திரத்தில் அடர்த்தியான ஃபில்டரைத் திணித்தால் காற்றோட்டமே குறைந்துவிடும். கையில் காசு குறைவென்றால், நான்கு மெர்வ் 13 ஃபில்டர்களையும் ஒரு பெட்டி மின்விசிறியையும் சேர்த்து ஒட்டும் கோர்சி-ரோசன்தால் பெட்டி இருக்கிறது. 2020-இல் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசன்தாலும் உருவாக்கியது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

பணத்தை வீணாக்கும் வழிகளும் உண்டு. ஓசோன் இயந்திரம் ஆட்கள் இருக்கும் இடத்தில் நுரையீரலுக்குக் கேடு. கிருமிநாசினி தெளிக்கும் 'சுரங்கப் பாதை' வழியாக ஆட்களை நடக்கவிடக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. எல்லா இடத்திலும் அக்ரிலிக் தடுப்பு நிறுத்தினால் காற்றோட்டம் தடைபடலாம். காசாளர் முன்னால் ஒன்று போதும். வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானியும் என் கணக்கில் வீண்தான். அறிகுறி இல்லாமலேயே தொற்றைப் பரப்புகிறவர்களை அது பிடிக்காது, வாசலில் வரிசையைத்தான் நீட்டும்.

செலவில்லாத ஒரு வழி: இசையின் ஒலியைக் குறையுங்கள். ஆர்கேட் சத்தமும் பாட்டும் சேர்ந்து ஓங்கினால், பேசுகிறவர்கள் நெருங்கி வந்து கத்துவார்கள். அதோடு நுண்துளிகளும் கூடும். ஜப்பானின் தீம் பார்க்குகள் 2020-இல் ரைடுகளில் கத்த வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டன. ஃபுஜி-க்யூ ஹைலேண்ட் பூங்காவின் நிர்வாகிகள் கோட்டும் முகக்கவசமுமாக ரோலர் கோஸ்டரில் அசையாமல் உட்கார்ந்து போய், 'மனசுக்குள் கத்துங்கள்' என்று காட்டிய காணொளி உலகமெங்கும் சுற்றியது. குழந்தைகளிடம் அது எடுபடாது. ஒலிப்பெருக்கியைக் குறைப்பது எடுபடும்.

படி 4: ஒரே நேரத்தில் எத்தனை பேர்

ஒரு நாளில் மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்பது வரவு செலவுக்கு உதவும் எண். பாதுகாப்புக்கு வேண்டியது, ஒரு நேரத்தில் உள்ளே எத்தனை பேர் என்பதுதான். இரண்டையும் இணைக்கும் கணக்கு எளிது: மணிக்கு வருபவர்களைச் சராசரியாகத் தங்கும் நேரத்தால் பெருக்கினால், உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை வரும். உங்கள் வரம்பு 120 பேர், சராசரியாக ஒன்றரை மணி நேரம் தங்குகிறார்கள் என்றால், மணிக்கு 80 பேருக்கு மேல் அனுமதிச் சீட்டு கொடுக்க முடியாது. தங்கும் நேரத்தை ஊகிக்காதீர்கள். மணிக்கட்டுப் பட்டையில் நுழைந்த நேரத்தை எழுதி, வெளியே போகும்போது பார்த்துக் குறித்து வையுங்கள்.

வரம்பை எங்கிருந்து எடுப்பது? அரசு ஒரு சதவீதம் சொல்லியிருக்கலாம். அதைக் கூரையாக வைத்துக்கொண்டு அதற்கும் கீழே தொடங்குங்கள். ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 2020 மே 11 அன்று திறந்தபோது அரசு அனுமதித்த வரம்பு 30 சதவீதம். பூங்கா அதற்கும் குறைவாகவே தொடங்கியது. ஏற்றுவது சுலபம். ஏற்றியதைக் குறைத்தால் வாடிக்கையாளர் கோபப்படுவார்.

நேரப் பிரிவுகளாக முன்பதிவு வைத்தால், பிரிவுகளுக்கு நடுவே அரை மணி இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் வெளியேறுகிறவர்களும் நுழைகிறவர்களும் காலணி அடுக்கும் இடத்தில் முட்டிக்கொள்வார்கள். மையத்தில் எங்கெல்லாம் ஆட்கள் தானாகவே குவிவார்கள் என்று நடந்து பாருங்கள்: காலணி மேடை, பரிசு வாங்கும் கவுண்டர், கழிப்பறை வாசல், குழந்தையைப் பார்த்துக்கொண்டு பெற்றோர் நிற்கும் தடுப்பு ஓரம். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரே வீட்டிலிருந்து வந்தவர்களைப் பிரிக்க வேண்டாம். ஒரு குடும்பத்தை ஒரே அலகாக வைத்து, அலகுகளுக்கு இடையே தூரம் விட்டால் போதும்.

படி 5: எதை முதலில் திறப்பது

எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்க வேண்டியதில்லை. திறந்தவெளி விளையாட்டுகள் முதலில். அடுத்து உயரமான கூரையுள்ள பெரிய கூடங்கள். பவுலிங்கில் ஒன்றுவிட்டு ஒரு தடத்தைத் திறக்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் பந்துகளை ஒதுக்கி, குழு மாறும்போது விரல் துளை உட்பட துடையுங்கள். ஆர்கேடில் இயந்திரங்களை நகர்த்த முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒன்றை அணைத்து வையுங்கள். காகித டிக்கெட்டை விட்டு அட்டைக்கு மாற இதுவே நல்ல நேரம்.

டிராம்போலினில் முகக்கவசம் வேண்டாம். கடும் உடற்பயிற்சியின்போது அணியத் தேவையில்லை என்றே உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கும் அதைக் கட்டாயமாக்கத் தேவையில்லை என்றது. அதற்கு ஈடாக ஆள் எண்ணிக்கையைக் குறைத்து, காற்றைக் கூட்ட வேண்டும். வேகமான ரைடுகளில் கழன்று பறக்கும் முகக்கவசம் இயந்திரத்துக்குள் போகலாம். அதனால் என்ன செய்வது என்று தயாரிப்பாளரைக் கேட்டு முடிவெடுங்கள்.

விஆர் கருவிகளில் முகம் படும் பகுதிக்குத் துடைக்கக்கூடிய சிலிகோன் உறை போடுங்கள். லென்ஸில் ஆல்கஹால் பட்டால் அதன் பூச்சு கெட்டுவிடும். ஒரு கருவி பயன்பாட்டில் இருக்கும்போது இன்னொன்று காயட்டும் என்று இரட்டைத் தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். லேசர் டேக்கில் அறை சிறியது, இருட்டு, ஓட்டமும் கூச்சலும் அதிகம். காற்றுக் கணக்கு நேராகாத வரை அதைத் திறக்க வேண்டாம்.

பந்துக் குளமும் பிறந்தநாள் விருந்து அறையும் கடைசி. பந்துக் குளத்தை ஒவ்வொரு குழுவுக்குப் பிறகும் சுத்தம் செய்ய முடியாது. விருந்து அறையில் பல வீட்டார் சின்ன இடத்தில் கூடி, சேர்ந்து பாடி, முகக்கவசத்தை எடுத்துச் சாப்பிடுவார்கள். வருமானம் அதில்தான் அதிகம் என்பது தெரியும். அதனால்தான் அவசரப்பட்டுத் திறக்கத் தோன்றும்.

படி 6: துடைப்பது

அசுத்தமான பரப்பை ஒருமுறை தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் கணித்தது. அதற்காகத் துடைக்காமல் இருக்க முடியாது. குழந்தைகள் கூடும் இடத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸும் சளிக்காய்ச்சலும் கையாலும் பரவும். வீட்டுக்குள் இருந்துவிட்டுத் திரும்பும் குழந்தைகளிடையே வேறு கிருமிகள் ஒரேயடியாகக் கிளம்பவும் செய்யும். 2021-இல் ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸ் அதன் வழக்கமான பருவம் தப்பி அமெரிக்காவில் பரவியது அப்படித்தான். நோரோவைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாகப் பயன்படாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். ஆகவே காசை சானிடைசர் புட்டிகளில் கொட்டுவதைவிட, குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கைகழுவும் தொட்டி வைப்பது மேல்.

கிருமிநாசினிக்கு முன் அழுக்கை எடுக்க வேண்டும். சோப்பு நீரால் துடைத்து, அதன் பிறகு 0.1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட். 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் என்றால் அந்த அளவு வரும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். லேபிளில் சொன்ன நிமிடங்கள் பரப்பு ஈரமாகவே இருக்கட்டும். அடித்த உடனே துடைத்தால் பயன் இல்லை. கழிப்பறை அமிலத்தையோ அம்மோனியா உள்ள திரவத்தையோ இதோடு கலந்தால் நச்சு வாயு வரும். புதிதாக வந்த துப்புரவு ஊழியருக்கு இதைக் காகிதத்தில் கொடுத்துவிட்டுப் போகாமல், நேரில் நின்று சொல்லிக்காட்டுங்கள். தொடுதிரைகளில் நேரடியாகத் தெளிக்காமல், 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்கவும்.

சானிடைசர் வாங்கும்போது ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருக்கிறதா, நம்பகமான தயாரிப்பா என்று பாருங்கள். 2020-இல் நச்சான மெத்தனால் கலந்த சானிடைசர்கள் சந்தையில் பிடிபட்டன. காலால் மிதிக்கும் ஸ்டாண்டின் முனை பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் இருக்கும். சின்னக் குழந்தைக்கு அது சரியாகக் கண்ணுக்கு நேரே வரும். பிரான்சில் இப்படிக் கண்ணில் சானிடைசர் பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 2020-இல் கூடியதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முனையைக் கீழ்நோக்கித் திருப்புங்கள், பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

படி 7: ஊழியர்கள்

உடம்பு சரியில்லாமல் வேலைக்கு வரும் ஊழியர்தான் எல்லா ஏற்பாட்டையும் உடைப்பவர். அவர் ஏன் வருகிறார்? வராவிட்டால் சம்பளம் பிடிபடும் என்பதால். நோய்க்கால விடுப்புக்குச் சம்பளம் உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்றுங்கள். இதைவிடச் சிக்கனமான தடுப்பு எனக்குத் தெரியவில்லை.

இயந்திரம்போல ஆட்களுக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். ரைடு இயக்குபவர், நீச்சல் காவலர், முதலுதவியாளர் மூவருக்கும் புதிதாகச் சேர்ந்தவரைப்போல முழுப் பயிற்சி கொடுத்து, மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட பிறகே பொறுப்பில் நிறுத்துங்கள். ஊழியர்களை நிலையான குழுக்களாகப் பிரித்தால், ஒரு குழுவில் நோய் வந்தாலும் மற்ற குழு மையத்தை நடத்தும். விதியை மீறும் வாடிக்கையாளரிடம் என்ன பேசுவது, எப்போது மேலாளரை அழைப்பது என்பதையும் நடித்துப் பழகட்டும். முகக்கவசத்துக்காக அடிவாங்க வேண்டியது பத்தொன்பது வயதுப் பகுதிநேர ஊழியரின் வேலை இல்லை.

படி 8: ஒத்திகையும் திறப்பும்

முதல் ஒத்திகை ஊழியர்களுக்குள். இரண்டாவது ஊழியர்களின் குடும்பத்தோடு, வரம்பில் கால்வாசிப் பேருடன், அரை நாள். அன்றைக்கு யாரும் விருந்தோம்பலில் இறங்க வேண்டாம். கையில் காகிதத்தோடு நின்று பார்க்கட்டும்: எங்கே வரிசை பின்னுகிறது, எந்த அறிவிப்பை யாருமே படிக்கவில்லை, மீட்டர் எந்த அறையில் ஏறுகிறது, துடைக்க உண்மையில் எத்தனை நிமிடம் ஆகிறது. ஒத்திகைக்கும் திறப்புக்கும் நடுவே சில நாட்கள் விடுங்கள். மறுநாளே திறந்தால் எதையும் திருத்த நேரம் இருக்காது.

அறிவிப்புப் பலகைகள் குறைவாக இருந்தால்தான் படிப்பார்கள். வாசலில் ஒன்று: உடம்பு சரியில்லையென்றால் வராதீர்கள், பணம் திரும்பக் கிடைக்கும் அல்லது தேதி மாற்றித் தரப்படும். அந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதிக்கு மதிப்பில்லை. '100 சதவீதம் பாதுகாப்பு' என்று எங்கேயும் போடாதீர்கள். அப்படி யாராலும் தர முடியாது. என்ன செய்திருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

படி 9: நோய் வந்துவிட்டால்

வந்து போன ஒருவருக்கோ ஊழியருக்கோ தொற்று என்று தகவல் வரும் நாளுக்கான திட்டம் முன்பே காகிதத்தில் இருக்க வேண்டும். யார் சுகாதாரத் துறைக்குச் சொல்வது, யார் ஊழியர்களிடம் பேசுவது, யார் வெளியில் பதில் சொல்வது என்று பெயர் போட்டு வையுங்கள். வருகையாளர்களின் தொலைபேசி எண்ணைத் தொடர்பு அறிய வாங்குவதாக இருந்தால், அதற்கு மட்டும் பயன்படுத்தி, விதியில் சொன்ன காலம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்ப அதைத் தொட்டால் அடுத்த முறை யாரும் உண்மையான எண்ணைத் தர மாட்டார்கள்.

அந்த நபர் இருந்த அறையை ஆள் இல்லாமல் காற்றாட விடுங்கள். காற்று மணிக்கு ஆறு முறை மாறும் அறையில் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற ஏறத்தாழ 46 நிமிடம் ஆகும். ஐந்து முறை என்றால் 55 நிமிடம். அதன் பிறகு துடைப்பவர்களை அனுப்புங்கள்.

எந்த நிலை வந்தால் மீண்டும் மூடுவது என்பதையும் திறப்பதற்கு முன்பே தீர்மானியுங்கள். ஒரே வாரத்தில் ஊழியர்களில் இத்தனை பேருக்கு நோய், அல்லது ரைடு இயக்கத் தகுதி பெற்றவர்கள் இத்தனைக்குக் கீழே என்று ஓர் எண்ணாக எழுதுங்கள். விடுமுறை நாளில், டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்த காலையில் உட்கார்ந்து யோசித்தால் எந்த உரிமையாளரும் மூட மாட்டார்.

படி 10: விதிகளைத் தளர்த்துவது

நிலைமை தணியத் தணிய ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள். ஒரே நாளில் மூன்றைத் தளர்த்தினால் எதனால் சிக்கல் வந்தது என்று தெரியாது. தரை ஸ்டிக்கர்கள் முதலில் போகலாம். ஆள் வரம்பு படிப்படியாக ஏறலாம், அதுவும் கார்பன் டை ஆக்சைடு மீட்டரைப் பார்த்துக்கொண்டே.

கொரோனாவுக்கான சர்வதேச அவசரநிலையை உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டது. விதிகள் இப்படி விலகிய பிறகும் சிலவற்றை விடாமல் வைத்துக்கொள்வது லாபம். ஹெபா சுத்திகரிப்பான் சளிக்காய்ச்சல் பருவத்திலும் காட்டுத்தீப் புகையிலும் உதவும். நேரப் பிரிவு முன்பதிவு வரிசையைக் குறைக்கும். நோய்க்கால விடுப்பு ஆட்களைத் தக்கவைக்கும். ஃபில்டர் மாற்றும் தேதி, வாராந்திரக் குழாய் ஓட்டம், ரைடு சோதனை மூன்றையும் ஒரே பதிவேட்டில் எழுதி, அதை யார் பார்த்துக் கையெழுத்திடுவது என்று ஒருவரை நியமித்துவிடுங்கள். அந்த ஆள் விடுப்பில் போனால் யார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.